சின்ன மர லேத்துல பேனா கடையணுமா? காசு கட்டுறதுக்கு முன்னாடி வாயை அளந்து பாருங்க

கேள்வி: அண்ணாச்சி, நமக்கு கல்லிடைக்குறிச்சி. பேனா கடையணும்னு ஆசைப்பட்டு ஆன்லைன்ல விலை கம்மியா ஒரு மர லேத் வாங்கிட்டேன். பேனாக் கட்டையக் கோத்துச் சுத்த விடுற கம்பி, அதான் மாண்ட்ரல், அத வேற ஒரு ஆள்கிட்ட தனியா வாங்கினேன், "எல்லா லேத்துக்கும் சேரும்"னு போட்டிருந்தான். மாட்டிப் பாத்தா லொடலொடன்னு ஆடுது. கேட்டா இதுதான் ஸ்டாண்டர்ட் சைஸுங்கான். இப்ப கட்டையக் கவ்விப் பிடிக்கிற நாலு தாடை சக், எட்டு உளி எல்லாம் சேத்து ஒரு காம்போ காட்டுது, வாங்கிரலாமா?

பதில்: தம்பி, காம்போவ இப்ப தொடாதீங்க. மொதல்ல அந்த மாண்ட்ரலத் திருப்பி அனுப்புங்க. மர லேத்துல ஸ்டாண்டர்ட் சைஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது, யாரு சொன்னாலும் நம்பாதீங்க. மோட்டார் பக்கத்துத் தலையிலயும் எதிர்ப்பக்க வால்லயும் உள்ளுக்குள்ள சரிஞ்சு போற ஓட்டை இருக்குல்லா, அதுக்குப் பேரு மோர்ஸ் டேப்பர், சுருக்கமா எம்டி. அந்த ஓட்டை வாயோட விட்டத்த வெர்னியர் அளவுகோல் வச்சுப் பாருங்க, 12 மில்லி கிட்ட வந்தா எம்டி 1, 18 மில்லி கிட்ட வந்தா எம்டி 2. உங்க லேத் எம்டி 2ஆவும் வந்த மாண்ட்ரல் எம்டி 1ஆவும் இருக்கும், அதான் ஆடுது. நடுவுல ஸ்லீவ்னு ஒரு உறை போட்டு ஒப்பேத்தலாம்பாங்க, ஆனா ஒரு ஜாயிண்ட் கூடினா ஆட்டமும் கொஞ்சம் கூடத்தான் செய்யும், பேனாவுக்கு அது ஆகாது. சரியான சைஸையே வாங்கிருங்க.

சக்குக்கு இந்த டேப்பர் போதாது, தலைக்கு வெளிய இருக்க மரையையும் பாக்கணும். ஒரு இஞ்ச் தடியில இஞ்சுக்கு 8 மரை இருக்கு, முக்கால் இஞ்ச் தடியில இஞ்சுக்கு 16 மரை இருக்கு, பெரிய மிஷின்ல 33 மில்லி தடி, எம்33ன்னு வருது. மரை மாறுனா சக் ஏறவே ஏறாது. அதவிட, பேனா கடைய ஆரம்பத்துல சக்கே வேண்டாம், காம்போல பாதிக் காசு அதுக்குத்தான் போவுது.

நீங்க உடனே வாங்க வேண்டியது நல்ல பேரிங் போட்ட, 60 டிகிரி கூர் உள்ள லைவ் சென்டர், அதாவது வால் பக்கம் கம்பி நுனியத் தாங்கிக் கூடவே சுத்துற முனை. லேத்தோட குடுக்கது பெரும்பாலும் கிண்ணம் மாதிரி விளிம்பு வச்ச சென்டரா இருக்கும், இல்லாட்டி சுத்தாத சென்டரா இருக்கும். மாண்ட்ரல் கம்பியோட நுனியில சின்னக் குழி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுல இந்த 60 டிகிரி கூர்தான் சரியா உக்காரும். பேனா கோணலா வாரதுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த இடந்தான், உளியப் பிடிக்கத் தெரியலையேன்னு நாம மனசு விட்டுருவோம். வால் கைப்பிடிய இறுக்கித் திருகினா அந்த ஒல்லிக் கம்பி நடுவுல வில்லா வளையும், கம்பிக் கடைசியில இருக்க நட்ட ஸ்பேனர் போட்டு முறுக்கினாலும் அதே கதைதான். அப்படிக் கடைஞ்சா மரம் ஒரு பக்கம் புஷ்ஷோட (கட்டைக்கு ரெண்டு பக்கமும் கோக்குற அளவு வளையம்) சரியா நிக்கும், மறுபக்கம் நகத்த வச்சுத் தடவினா படிக்கட்டா தட்டும். நட்ட கையால இறுக்கினா போதும், சென்டர் குழியத் தொட்டு கூடச் சுத்த ஆரம்பிச்சதும் நிப்பாட்டி லாக் போட்டுருங்க. மாண்ட்ரல் சேவர்னு ஓட்டை போட்ட சென்டர் ஒண்ணு கிடைக்கு, அது கம்பிய விட்டுட்டு புஷ்ஷ அமுக்கும், கையில காசு இருந்தா அதுக்குப் போடுங்க, வீண் போவாது.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு சோதனை. தலையில கூர் உள்ள சென்டர் ஒண்ணு, வால்ல இந்த லைவ் சென்டர், ரெண்டையும் மாட்டி பைய நெருக்கி வாங்க, ரெண்டு கூரும் மூக்கோட மூக்கு தொடணும். மேல கீழ விலகி நின்னா கிட்டக்க போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. ரிட்டன் தேதி முடியுறதுக்குள்ள பாத்திருங்க தம்பி, அப்புறம் யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டான்.

உளிக்கு ஹெச்எஸ்எஸ்ங்கிற ஹை ஸ்பீட் ஸ்டீல்ல, சதுரக் கட்டைய உருட்டா ஆக்க ரஃபிங் கௌஜ் ஒண்ணும் வழவழன்னு சீவ ஸ்க்யூ ஒண்ணும் போதும். எட்டு உளி வாங்குற காச சாணை பிடிக்கதுக்கு வைங்க, தீட்டாத உளி மரத்தப் பிய்க்கத்தான் செய்யும். மொத கிட் (பேனாவோட உள் சாமான் எல்லாம் சேந்த பொட்டலம்) ஸ்லிம்லைன்ங்கிற ஒல்லி மாடலா இருக்கட்டும், அதுக்குத் துளை போட 7 மில்லி பிட்டும் 7 மில்லி புஷ்ஷும் வேணும், கிட் மாறுனா புஷ்ஷும் மாறும். துளை போட லேத்துல சக் வேணுமேன்னு யோசிக்காதீங்க, பக்கத்துல இருக்க கிரில் பட்டறையில ட்ரில்லிங் மிஷின்ல வைஸ் பிடிச்சுப் போட்டுத் தருவாங்க. பைய இறக்கி அடிக்கடி பிட்ட வெளிய எடுத்துத் தூள உதறச் சொல்லுங்க, சூடேறினா கட்டை பொளந்துரும்.

திருப்பி எடுக்க மாட்டேன்னு சொன்னா, "எல்லா லேத்துக்கும் சேரும்"னு போட்டிருந்த பக்கத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, விற்ற தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல புகார் போடுங்க. 2020ல வந்த ஈ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு பதில் தரணும், ஒரு மாசத்துல முடிச்சுக் குடுக்கணும். அதுக்கும் மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. கடைசியா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு கட்டணமே கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும்.

கேள்வி: அண்ணாச்சி, 775ங்கிற சின்ன டிசி மோட்டார் போட்ட குட்டி லேத் ரொம்ப சல்லிசா வருதே, பேனாவுக்கு ஆவுமா? (மேலப்பாளையம்)

பதில்: பாசிமணி கடைய வந்த மிஷின் அது. பல மாடல்ல மோர்ஸ் டேப்பரே இருக்காது, மேல சொன்ன மாண்ட்ரல், சென்டர் எதுவும் மாட்ட முடியாது, பெறவு ஒவ்வொண்ணா ஒட்டுப்போட்டுக் காசு கரையும். கொஞ்சம் பொறுத்து எம்டி 2 உள்ள மினி லேத்தா எடுங்க.

கேள்வி: அண்ணே, எங்க வீட்டுல பழைய பனங்கை வெட்டின துண்டு கிடக்கு, கருப்பா வைரம் பாஞ்சது. அதுல பேனா வருமா? அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் மாதிரி அரக்குப் பூச்சு குடுக்கலாமா? (வீரவநல்லூர்)

பதில்: வரும் தங்கச்சி, அழகா வரும், ஆனா மொத பேனாவ அதுல ஆரம்பிக்காதீங்க. பனை நார் நாரா இருக்கதால உளி பட்டதும் சிலாம்பு தெறிக்கும், நடுநடுவுல தண்ணியா இருக்க சூப்பர் க்ளூவ ஊற விட்டுட்டுத்தான் கடையணும். மொதல்ல பூவரசு இல்லாட்டி தேக்குல கை பழகுங்க, 20 மில்லி சதுரம், 130 மில்லி நீளம் இருந்தா ஒரு பேனாவுக்குக் காணும்.

அரக்கு தாராளமா குடுக்கலாம், சொப்பு சாமானுக்கு அது எவ்வளவு அம்சமா இருக்கு. பேனா விஷயம் வேற, நாள் பூரா வேர்த்த கையில கிடக்கும், சானிடைசர் பட்டா அரக்கு கரைஞ்சு பிசுபிசுத்துரும். தினசரி எழுத வேண்டிய பேனான்னா சூப்பர் க்ளூவயே மெல்லிசா பல கோட் குடுத்து மெருகேத்துங்க, ஜன்னலத் திறந்து வச்சுக்கிடுங்க, அந்த ஆவி கண்ண எரிக்கும். பூசுறதுக்கு டிஷ்யூ பேப்பர்தான், துணி கூடவே கூடாது, சுத்துற கம்பியில துணி சிக்கினா விரலச் சேத்து இழுத்துரும். துப்பட்டாவ கழத்தி வச்சுட்டு, முடிய நல்லா முடிஞ்சுட்டு, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டுட்டு மிஷின் பக்கம் போங்க.