அட்லஸை மூடிவிட்டு வரைவது

வணக்கம்.

எங்கள் வீட்டில் பத்து வயதுப் பெண்ணும் ஏழு வயதுப் பையனும் இருக்கிறார்கள். நாடுகளின் தலைநகரங்களை இருவரும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எகிப்து எங்கே என்று கேட்டால் மட்டும் விரல் வரைபடம் முழுக்க அலைகிறது. அச்சிட்ட வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டியதிலும் பலன் தெரியவில்லை. கையாலேயே உலகத்தை வரையட்டும் என்று விட்டோம். தென் அமெரிக்கா வட அமெரிக்காவுக்கு நேர் கீழே தொங்குகிறது, ஆப்பிரிக்கா சுருங்கிவிட்டது, ஆஸ்திரேலியாவுக்குத் தாளில் இடமே இல்லை. டிரேசிங் பேப்பர் வைத்து வரையச் சொல்லலாமா? எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகளுக்கு டிரேசிங் வேண்டாம். கோட்டின் மேலேயே பென்சில் ஓடும்போது கை மட்டும் வேலை செய்கிறது. இந்த முனை அந்த முனைக்கு எவ்வளவு கிழக்கே தள்ளி இருக்கிறது என்று கண் அளந்து பார்ப்பதில்லை. அந்த அளவெடுப்பில்தான் இடம் மனத்தில் பதிகிறது.

முதல் நாளே முழு உலகத்தையும் வரையவிட்டதால் வந்த குழப்பம் இது. ஒரே ஒரு கண்டத்தில் தொடங்குங்கள். ஆப்பிரிக்காவைப் போல இதற்கு வசதியான கண்டம் வேறில்லை. வடக்கே 37 டிகிரி, தெற்கே 35 டிகிரி, நிலநடுக்கோடு கிட்டத்தட்ட நடுவில். மேற்கே 17 டிகிரியில் ஆரம்பித்துக் கிழக்கே 51 டிகிரியில் முடிகிறது. எனவே வடக்கு 40 முதல் தெற்கு 40 வரை, மேற்கு 20 முதல் கிழக்கு 60 வரை ஒரு சதுரம் போட்டால் முழுக் கண்டமும் அதற்குள் அடங்கிவிடும்.

ஏ3 அளவில் கொஞ்சம் தடிமனான தாள் எடுங்கள். 10 டிகிரிக்கு 3 செ.மீ. என்று வைத்தால் பக்கத்துக்கு எட்டுக் கட்டம், 24 செ.மீ. ஒரு டிகிரி 3 மி.மீ. என்பதால் குழந்தையே ஸ்கேலில் அளந்துகொள்ளலாம். கட்டங்களை 2எச் பென்சிலால் மெலிதாகப் போடச் சொல்லுங்கள், கரையோரத்துக்கு எச்பி. ஒரு கட்டம் அளந்து, அதன் முனையிலிருந்து அடுத்த கட்டம் என்று போனால் சிறு பிழைகள் சேர்ந்து எட்டாவது கட்டம் கோணலாகிவிடும். ஸ்கேலை நகர்த்தாமல் 0, 3, 6, 9 என்று 24 வரை ஒரே தடவையில் புள்ளி வைத்து, எதிர்ப்பக்கத்திலும் அப்படியே வைத்து, பிறகு இணைக்க வேண்டும். நிலநடுக்கோட்டையும் பூஜ்யத் தீர்க்கரேகையையும் சிவப்பில் போடுங்கள். குழந்தைகள் மிக அதிகமாகச் செய்யும் தவறு மேற்கு 17 டிகிரியைக் கிழக்கில் வைப்பது. சிவப்புக் கோடு அதைப் பெரிதும் தடுக்கும்.

இனிப் புள்ளிகள். அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. நீங்கள் வாய்விட்டுச் சொல்ல, அவள் வைக்கட்டும். டக்கார்: வடக்கு 15, மேற்கு 17. டாஞ்சியர்: வடக்கு 36, மேற்கு 6. துனிசியாவின் வடமுனை: வடக்கு 37, கிழக்கு 10. லிபியாவின் கரை உள்வாங்கும் இடம்: வடக்கு 30, கிழக்கு 19. சூயஸ்: வடக்கு 30, கிழக்கு 32. செங்கடலின் தென்வாசல்: வடக்கு 12, கிழக்கு 43. ஆப்பிரிக்கக் கொம்பின் நுனி: வடக்கு 12, கிழக்கு 51. மொம்பாசா: தெற்கு 4, கிழக்கு 40. மொசாம்பிக் தீவு: தெற்கு 15, கிழக்கு 41. டர்பன்: தெற்கு 30, கிழக்கு 31. அகுல்யாஸ் முனை: தெற்கு 35, கிழக்கு 20. காங்கோ ஆற்றின் முகத்துவாரம்: தெற்கு 6, கிழக்கு 12. கேமரூன் கரை திரும்பும் மூலை: வடக்கு 4, கிழக்கு 9. பால்மாஸ் முனை: வடக்கு 4, மேற்கு 8. மொத்தம் 14.

இவற்றை நேர்கோடுகளால் இணைத்தாலே ஆப்பிரிக்கா கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அட்லஸைப் பார்த்து நேர்கோடுகளை வளைவுகளாக மாற்றலாம். கினியா வளைகுடாவில் சிவப்புக் கோடுகள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் நடுக்கடலில் விழுவதை அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

முக்கியமான வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து, அட்லஸை மூடிவிட்டு, வெறும் கட்டம் மட்டும் போட்ட தாளில் பத்து நிமிடத்துக்குள் நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். முடிந்ததும் அட்லஸைத் திறந்து, சரியான கரையை வேறு நிறத்தில் மேலேயே வரைய வேண்டும். தவறான கோட்டை அழிக்கக் கூடாது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அவள் பார்க்க வேண்டும். தேதி போட்டு வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி. மூன்றாவது தாளில் எது இன்னும் தவறுகிறதோ, அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக வரைந்து பழகினால் போதும். ஒரு கண்டத்துக்கு மூன்று வாரம் ஆகும். அவசரப்படாதீர்கள்.

அடுத்து மலைகள், பிறகு ஆறுகள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மலை இல்லாத தாளில் ஆறு வரையும் குழந்தை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கோடு இழுத்துவிடும். மேடு எங்கே என்று தெரிந்தால் கேள்விகள் தானாக வரும். தாளில் 'மேலே' போகும் நைல், உண்மையில் உயரத்திலிருந்து கீழேதான் வருகிறது என்பது பல பெரியவர்களுக்கே தடுமாற்றம். நைஜர் ஆறு இன்னும் அழகு. கினியாவின் மலைப்பகுதியில், அட்லாண்டிக்கிலிருந்து சுமார் 240 கி.மீ. தூரத்தில் பிறந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நாட்டுக்குள் போய், திம்புக்டு அருகே வளைந்து திரும்பி, கினியா வளைகுடாவில் கலக்கிறது. அதை ஒருமுறை வரைந்த கை மறக்காது.

நாட்டு எல்லைகள் எப்போதும் பென்சிலில்தான். தெற்கு சூடான் 2011இல்தான் தனிநாடானது. சில எல்லைகள் ரேகைகளை ஒட்டியே போகின்றன: எகிப்து - சூடான் எல்லையின் பெரும்பகுதி வடக்கு 22, எகிப்து - லிபியா எல்லையின் பெரும்பகுதி கிழக்கு 25. எகிப்தைத் தேடி விரல் அலைகிறது என்றீர்களே, இந்த இரண்டு கோடுகளையும் போட்டுவிட்டால் எகிப்து ஒரு பெட்டிக்குள் வந்துவிடும். பெயர்களைக் கடைசியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் எழுத்து கோடுகளை மறைக்கும். ஸ்கெட்ச் பென் வேண்டாம், தவறைத் திருத்த வழியில்லாமல் போகும்.

உலகத் தாளுக்கு இப்போது வரலாம். 10 டிகிரிக்கு 1 செ.மீ. என்றால் அகலம் 36, உயரம் 18. அதே ஏ3 தாள் போதும். நடுவில் ஆப்பிரிக்காவை வைத்துத் தொடங்குங்கள். இடது ஓரத்திலிருந்து அமெரிக்காக்களைப் பெரிதாக வரைந்துகொண்டு வந்ததால்தான் ஆஸ்திரேலியாவுக்கு இடமில்லாமல் போயிருக்கும். அது கிழக்கு 113 முதல் 153 வரை, நான்கே கட்ட அகலம். தென் அமெரிக்காவின் மேற்கு முனை மேற்கு 81, கிழக்கு முனை மேற்கு 35. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ள மயாமி நகரமே மேற்கு 80இல் இருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட முழுத் தென் அமெரிக்காவும் மயாமிக்குக் கிழக்கே. தலைநகரங்களை ஒப்பிப்பதும் இங்கே உதவும்: மாட்ரிட், அங்காரா, பெய்ஜிங் மூன்றும் வடக்கு 40ஐ ஒட்டி ஒரே வரிசையில் உட்காரும்.

இந்தத் தாளில் கிரீன்லாந்து உப்பித் தெரியும். உருண்டையைத் தட்டையாக்கியதால் வரும் பிழை அது. 60 டிகிரியில் கிழக்கு மேற்கு அகலம் இருமடங்காக இழுபடுகிறது, துருவத்தை நெருங்க நெருங்க இன்னும் அதிகம். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு. ஒரு பந்தைத் தாளால் சுருக்கமில்லாமல் மூடப் பார்க்கச் சொல்லுங்கள், புரிந்துவிடும்.

ஏழு வயதுப் பையனுக்கு டிகிரி இப்போது வேண்டாம். முதலில் அவனுடைய அறையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையட்டும்; கட்டிலையும் கதவையும் பக்கவாட்டில் நிற்பதுபோல் போட்டால், இன்னும் மேலிருந்து பார்க்கப் பழகவில்லை என்று பொருள். டிரேசிங் பேப்பர் அவனுக்குத்தான் பயன்படும். கண்டங்களை அச்செடுத்து வெட்டி, அக்காவின் கட்டத் தாளில் அவனை இடம் பார்த்து வைக்கச் சொல்லலாம்.

ஆப்பிரிக்காவுக்குப் பிறகு தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா, ஆசியா, கடைசியில் ஐரோப்பா. ஐரோப்பாவின் கரை துண்டு துண்டானது, பழகிய கைக்குத்தான் வரும். அங்கே சதுரக் கட்டம் போடாதீர்கள், நாடுகள் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். 10 டிகிரிக்கு உயரம் 3 செ.மீ., அகலம் 2 செ.மீ. என்று வையுங்கள், 50 டிகிரியை ஒட்டிய இடங்களுக்கு அந்த விகிதம்தான் ஏறக்குறையச் சரியாக வரும்.