இருபதுதானே கூட?

கேள்வி: குடும்பத்தோடு காரில் அடிக்கடி திண்டிவனம் பக்கம் போகிறோம். "60-ல் போனால் என்ன, 80-ல் போனால் என்ன? இருபதுதானே கூட, பிரேக் அடித்தால் நின்றுவிடும்" என்கிறார் என் கணவர். ஐந்து பேர் ஏறினால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஆகுமா?

பதில்: முதலில் அந்த இருபதைப் பார்ப்போம். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் கெழு (டயர் ரோட்டை எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்) சுமார் 0.7 என்று வைத்துக்கொண்டால், 60-ல் 20 மீட்டர், 80-ல் 36 மீட்டர். ஆபத்தைக் கண்ட கண்ணுக்கும் பெடலை மிதிக்கும் காலுக்கும் இடையே ஒரு விநாடியாவது போகும். அதற்குள் 17, 22 மீட்டர் ஓடிவிடும். மொத்தம் 37, 58.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: முன்னால் மாடு குறுக்கே வருகிறது. 60-ல் வந்த கார் அதை உரசாமல் நிற்கிறது. அதே இடத்திலிருந்து மாட்டைப் பார்த்த 80 கார் மாட்டை அடையும்போது இன்னும் 60-க்குச் சற்று மேலான வேகத்தில் இருக்கும்! எனக்கே முதலில் நம்பிக்கை வராமல் இரண்டு முறை கணக்குப் போட்டேன்.

ஆட்கள் விஷயத்தில் பெரிய கவலை வேண்டாம். எடை கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றலும் கூடும், டயர் ரோட்டை அழுத்துவதால் உராய்வும் அதே அளவு கூடும், இரண்டும் கழிந்துவிடும். பெடலை மட்டும் இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். ஆனால் மலை இறக்கத்தில் இந்தக் கணக்கு செல்லாது. பாரத்தோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடி தளரும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மழை வந்தால் கெழு 0.4 அளவுக்கு இறங்கலாம். அப்போது பிரேக் தூரம் மட்டுமே 60-ல் 35 மீட்டர், 80-ல் 63. தூசியும் எண்ணெயும் குழையும் முதல் தூறல் இன்னும் மோசம். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஸ்டியரிங் கைக்குள் இருக்க அது உதவும், ஆனால் வழுக்கும் ரோட்டுக்குப் பிடிப்பைக் கொண்டுவந்து தராது. டயர் பள்ளம் 1.6 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சரி, ரோட்டில் மீட்டர் அளக்க முடியாது. முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கல்லைத் தாண்டினால் நெருங்கிவிட்டீர்கள். மழையில் ஆறு வரை எண்ணுங்கள்.