நாய்க்குட்டியின் கண்ணில் நீர்: முதலில் மாமியின் சொட்டு மருந்தை நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் ஷிட்சு குட்டிக்கு மூன்று மாதம். வாங்கி வந்த நாளிலிருந்து இரண்டு கண்ணிலும் நீர் வடிகிறது. கண்ணுக்குக் கீழே மயிர் செம்பழுப்பாகிவிட்டது. குருடாகும், டிஸ்டெம்பர் என்ற நாய்களுக்கு வரும் வைரஸ் நோயாக இருக்கும் என்று இணையத்தில் என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். ஐந்து வயது மகன் எந்நேரமும் அதோடுதான் இருக்கிறான். அவன் கண்ணுக்குத் தொற்றுமா? மாமிக்குக் கண் ஒப்பரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்தது, அதை விட்டுப் பார்க்கிறோம். நேற்று முன்தினத்திலிருந்து இடது கண்ணை மட்டும் பாதி மூடியபடி இருக்கிறது, தூக்கக் கலக்கமோ தெரியவில்லை. வீட்டுப் பூனையோடு விளையாடும், மற்றப்படி சுகம்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அது தூக்கக் கலக்கம் இல்லை, வலி. கடிதத்தைப் பார்த்ததும் இரண்டு வரி அனுப்பினேன்: சொட்டை நிறுத்துங்கள், இன்றே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள் என்று. இன்னும் போகவில்லை என்றால் மீதியைப் பிறகு படிக்கலாம், குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கண் வலிக்கிறது என்று நாய்க்குட்டி கத்தாது. சாப்பிடும், வாலாட்டும், பந்துக்கு ஓடும். அந்தக் கண்ணை மட்டும் சுருக்கி வைத்திருக்கும். இரண்டு கண்ணிலும் நாள்கணக்காக வடியும் நீரைவிட, திடீரென்று ஒரு கண் மட்டும் சுருங்குவதுதான் எனக்குப் பயம் தருவது. அதோடு முன்காலால் கண்ணைத் தேய்ப்பது, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்புவது, கண்ணின் மேல் நீலமாகவோ வெள்ளையாகவோ ஒரு மங்கல் தெரிவது, இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் கருவிழியில், அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிந்த படலத்தில், கீறலோ புண்ணோ இருக்கும். அந்தப் படலத்தின் தடிப்பு அரை மில்லிமீற்றர் சொச்சம்தான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய பூனை மீதுதான் என் சந்தேகம். கண்ணை நோக்கி ஒன்று வந்தால் சட்டென்று இமைக்கும் பழக்கம் நாய்க்குட்டிக்குப் பிறக்கும்போதே இருப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வாரத்தில்தான் அது சரியாக வரும். பூனை கை வீசும்போது குட்டி கண்ணைத் திறந்தபடியே நிற்கும். ஷிட்சுவுக்குக் கண் வெளியே தள்ளி நிற்பதால் இன்னும் மோசம். குட்டி கொஞ்சம் வளரும் வரை இரண்டையும் ஆள் இல்லாமல் ஒன்றாக விடாதீர்கள்.

அப்புறம் அந்தச் சொட்டு மருந்து. கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டுகளில் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன் போன்ற, அழற்சியை அடக்கும் ஸ்டெரொய்ட் பெரும்பாலும் இருக்கும். மாமிக்கு அது நல்ல மருந்து. புண் இருக்கிற கண்ணில் விட்டால் புண் ஆறுவது தடைப்படும், கிருமி பெருகும், படலமே கரைந்து ஓட்டை விழலாம். சிவப்பு மட்டும் குறைந்துபோவதால் வீட்டில் உள்ளவர்கள் சுகமாகிறது என்று நினைப்பார்கள். அந்த நாட்களில்தான் கண் பறிபோகிறது. போதாததற்கு, இப்படிப்பட்ட போத்தல்களில் பெரும்பாலானவற்றைத் திறந்து நான்கு வாரமானால் வீச வேண்டும். ஒரு மனிதருக்குத் தந்த கண் மருந்தை ஒரு மிருகத்துக்கு விட வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் போதவில்லை. நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், ஆறிய சாயத்தண்ணீர் எல்லாமே இந்தப் பட்டியலில்தான் வரும்.

வைத்தியர் செய்வது சில நிமிட வேலை. புளோரசீன் என்ற சாயத்தைக் கண்ணில் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். புண் இருக்கும் இடம் பச்சையாகத் தெரியும். மேலோட்டமான கீறல் என்றால் சரியான மருந்தில் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். குட்டி தேய்க்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு போடச் சொல்வார். பாவம் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள்.

சரி, செம்பழுப்புக் கறை. அது நோய் இல்லை. கண்ணீரில் இருக்கும் போர்பிரின் என்ற நிறப்பொருள் வெளிச்சம் பட்டு நிறம் மாறுகிறது. வெள்ளை, வெளிர் நிற நாய்களில் பளிச்சென்று தெரியும். ஷிட்சு, பூடில், மால்டீஸ் இனங்களுக்கு முக அமைப்பே கண்ணீரை வெளியே வழியவிடும். சில குட்டிகளுக்குக் கண்ணீர் வடியும் சிறு துவாரம் பிறவியிலேயே மூடியிருக்கும், சிலதுக்கு மூக்கோரத்து மயிர் கண்ணில் உரசும். சாயம் விடும் அதே பரிசோதனையில் இதையும் பார்த்துவிடலாம், அவசரம் இல்லை. கறை போக்குகிறோம் என்று விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் டைலோசின் என்ற அன்டிபயோட்டிக் கலந்திருந்ததற்காக 2014இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பருத்தித் துணியால் தினமும் துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றினால் போதும். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு துணி. நுளம்புச் சுருளையும் சாம்பிராணியையும் குட்டி படுக்கும் அறையில் கொளுத்தாதீர்கள்.

டிஸ்டெம்பர் என்றால் குட்டி இப்படி ஓடி விளையாடாது. காய்ச்சல், இருமல், சாப்பாட்டில் வெறுப்பு, கண்ணிலும் மூக்கிலும் கெட்டியான மஞ்சள் சளி என்று வரும். உங்கள் குட்டிக்கு வடிவது தெளிந்த நீர். ஆனால் கடிதத்தில் தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ. விற்றவர் "எல்லாம் போட்டாச்சு" என்று வாயால் சொன்னது கணக்கில் வராது, அட்டை வேண்டும்.

மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். கருவிழிக் கீறலும் கண்ணீர்க் கறையும் தொற்றாது, டிஸ்டெம்பர் மனிதருக்கு வருவதில்லை. அவன் கண் சிவந்தால் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்ததாக இருக்கும். குட்டியைத் தொட்ட பிறகு கை கழுவட்டும்.

வைத்தியரிடம் போகும்போது மாமியின் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள், நாளுக்கு எத்தனை துளி விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி சாயம் விட்டுப் பார்க்க ஒரு நாள் குறித்துத் தருவார். கண் நன்றாகத் திறந்துவிட்டது என்று அதற்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.