பார்பரா நாளில் வெட்டும் செர்ரிக் கிளை

தம்பி, செப்டம்பரில்தான் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வந்தோம், நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, கிறிஸ்துமஸ் சந்தையை ஒரு தடவை சுற்றியாகிவிட்டது, நாங்கள் கிறிஸ்தவர்களும் இல்லை, ஆறு வயது மகளுக்கு இந்த மாதம் காட்ட வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இருட்டிலிருந்தே தொடங்குங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைக்குத் தொப்பி, கையுறை மாட்டி உங்கள் தெருவிலேயே ஒரு நடை போங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் அரைவட்டமாக விளக்குகள் எரியும். ஷ்விப்போகன் என்பார்கள். உங்களுக்குத் தெற்கே இருக்கும் எர்ட்ஸ்கெபிர்க மலையில் 18-ஆம் நூற்றாண்டில் பிறந்த பழக்கம். அங்கே சுரங்க வேலைக்காரர்கள் விடியுமுன் குழியில் இறங்கி, இருட்டிய பிறகே மேலே வருவார்கள். குளிர்காலத்தில் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். வெளிச்சத்துக்கு ஏங்கியவர்கள் செய்த விளக்கு அது. சில ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏந்திய மரப்பொம்மைகளும் நிற்கும்: ஆண் பிள்ளைக்கு ஒரு சுரங்கக்காரர், பெண் பிள்ளைக்கு ஒரு தேவதை என்று வைப்பது அந்த மலையின் பழைய வழக்கம். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று மகளை எண்ணச் சொல்லுங்கள்.

அடுத்தது, டிசம்பர் 4-ஆம் தேதியைத் தவறவிடாதீர்கள். அன்று புனித பார்பரா நாள். சிறைக்கு இழுத்துச் செல்லும் வழியில் அவர் ஆடையில் ஒரு கிளை சிக்கி ஒடிந்ததாம், அதைத் தண்ணீரில் வைத்திருக்க, அவர் கொல்லப்பட்ட நாளில் அது பூத்ததாம். இந்தக் கதையை வைத்து, அன்று செர்ரிக் கிளைகளை வெட்டி வீட்டுக்குள் வைப்பார்கள். இருபது நாளில், வெளியே எல்லா மரமும் மொட்டையாக நிற்கும்போது, உங்கள் மேசையில் வெள்ளைப் பூ.

பலருக்குப் பூக்காமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது குளிர். செர்ரி மொட்டு போதுமான குளிரை வாங்கினால்தான் உறக்கம் கலையும். 4-ஆம் தேதிக்கு முன் உறைபனி விழாத வருடமென்றால், வெட்டிய கிளையைப் பையில் சுற்றி ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டாவது, தவறான கிளை. கூர்மையான மெல்லிய மொட்டு இலையாகும். குண்டாகக் கொத்தாக இருப்பதுதான் பூ. அது இளங்கொம்பில் கிடைக்காது, பழைய கிளையின் குட்டைக் கொம்புகளில் பாருங்கள். மூன்றாவது, ஹீட்டர். ரேடியேட்டருக்கு மேல் வைத்தால் மொட்டு காய்ந்து உதிரும்.

செய்முறை சுலபம். கிளைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு முழுதாக அமிழ்த்துங்கள். குளியல் தொட்டி இருந்தால் வசதி. காலையில் அடியைக் கூர்மையான கத்தியால் சாய்வாகச் சீவி ஜாடியில் வையுங்கள். மொட்டு உப்பும்வரை சூடு குறைந்த அறையில், 15 டிகிரி அளவில் இருக்கட்டும். பிறகு கூடத்துக்குக் கொண்டுவரலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, மொட்டுகள்மேல் லேசாகத் தெளியுங்கள். இதை மகளின் வேலையாகவே விட்டுவிடலாம். முதல் வருடம் மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சித்தியா புதரின் கிளையும் ஒன்று சேர்த்து வையுங்கள், அது எளிதில் ஏமாற்றாது. பூங்காவிலோ அடுத்தவர் தோட்டத்திலோ கேட்காமல் ஒடிக்காதீர்கள். வாரச்சந்தைப் பூக்கடையில் கட்டாகக் கிடைக்கும்.

6-ஆம் தேதி, பிள்ளைகளுக்குப் பரிசு தருபவராகச் சொல்லப்படும் புனித நிகோலாஸின் நாள். 5-ஆம் தேதி இரவு மகளின் பூட்ஸைத் துடைத்து வாசல் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். காலையில் அதில் மாண்டரின் ஆரஞ்சு, வால்நட், ஒரு சாக்லேட் நிகோலாஸ் இருக்கவேண்டும். அழுக்குப் பூட்ஸுக்கு ஒன்றும் கிடைக்காது என்பது விதி. பெரிய பரிசு வேண்டாம், பள்ளியில் மற்ற பிள்ளைகளும் இதைத்தான் பேசுவார்கள்.

காசு செலவழிப்பதானால் ஒரு மரப் பிரமிடெ வாங்குங்கள். கீழே மெழுகுவத்தி, மேலே காற்றாடி, நடுவே சுற்றும் பொம்மைகள். மின்சாரமே இல்லை, சூடான காற்று மேலெழும்பி காற்றாடியின் இதழ்களைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆறு வயதுக்கு அதைவிட நல்ல இயற்பியல் பாடம் எனக்குத் தெரியாது. சுற்றவில்லையென்றால் முதலில் இதழ்களைப் பாருங்கள்: எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே அளவில், 45 டிகிரி போலச் சாய்ந்திருக்கவேண்டும். ஒன்று தப்பினாலும் திணறும். பிறகு அடியில் அச்சின் கூர்முனை உட்காரும் குழியைப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மேசை சமமாக இருக்கட்டும், ஜன்னல் காற்று வேண்டாம். மெழுகுவத்தியின் தடிமனை அளந்து வாங்குங்கள். 14 மில்லிமீட்டர், 17 மில்லிமீட்டர் இரண்டும் கடையில் இருக்கும், தவறானது மெழுகுவத்தி செருகும் குழியில் நிற்காமல் சாயும். பாதியளவு எரிந்ததும் சுழற்சி மந்தமாகும், மாற்றிவிடுங்கள். நீளமானதை வைத்தாலோ இதழ் கருகும். எரியும்போது அறையைவிட்டு யாரும் போகக்கூடாது.

24-ஆம் தேதி மதியம் இரண்டு மணியோடு கடைகள் மூடும், 25, 26 விடுமுறை. பால், காய்கறி, மருந்து எல்லாம் 23-ஆம் தேதியே வாங்கி வையுங்கள். கடை மூடியபின் உங்கள் பேட்டைச் சர்ச்சில் பிள்ளைகள் நடிக்கும் கிறிஸ்து பிறப்பு நாடகம் இருக்கும். நேரம் வாசல் பலகையில் ஒட்டியிருக்கும். டிக்கெட் கிடையாது, மதம் கேட்கமாட்டார்கள். இடம் கிடைக்க அரை மணி முன்னால் போங்கள். உள்ளே குளிரும், கோட்டைக் கழற்றவேண்டாம்.

வீடு திரும்பும்போது கிளை இன்னும் பூக்காமல் இருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள். மொட்டின் நுனியில் வெள்ளை தெரிந்தால் புத்தாண்டுக்குள் விரிந்துவிடும்.