தோற்ற ராத்திரி சோறு இறங்கவில்லை

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். சிஎஸ்கே என்றால் உயிர். தோற்ற அன்று சாப்பிட மாட்டான், மறுநாள் ஸ்கூலுக்கும் போக மாட்டேன் என்கிறான். "அவங்களா உனக்குச் சோறு போடுறாங்க?" என்று அவன் அப்பா திட்டினார். அதிலிருந்து எங்களிடம் பேச்சே குறைந்துவிட்டது. என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, அந்த 'சோறு' பேச்சை வீட்டில் இனி யாரும் எடுக்க வேண்டாம். அவனுக்கு அது நிஜமான துக்கம்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாலக்கோட்டில் ஒரு டீக்கடை டிவி முன்னால் நின்றிருந்தேன். பாகிஸ்தானோடு சேப்பாக்கம் டெஸ்ட், இலக்கு 271, சச்சின் முதுகுவலியோடு 136 அடித்து அவுட் ஆனபோது 17 ரன்தான் பாக்கி, கையில் மூன்று விக்கெட். மூன்றும் 4 ரன்னுக்குள் போய் 12 ரன்னில் தோற்றோம். கடையில் ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. பாகிஸ்தான் பவுலர் சக்லைன் பந்தை சச்சின் அந்த நேரத்தில் தூக்கி அடித்திருக்க வேண்டுமா என்று இருட்டும் வரை பேசினோம், ஒரு பெரியவர் காலி டம்ளர்களை பெஞ்சில் பரப்பி ஃபீல்டர் யார் யார் எங்கே நின்றார்கள் என்று காட்டினார். சேப்பாக்கத்தில் ஜனம் எழுந்து நின்று பாகிஸ்தான் டீமுக்குக் கைதட்டியது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கியது என்றால் அந்த டம்ளர்களால்தான்.

உங்கள் மகனுக்கு அந்த பெஞ்ச் இல்லை. ரூமில் தனியாகப் படுத்து, கிண்டல் மீம்ஸாக வந்து விழும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அன்று ஒரு ராத்திரி மட்டும் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ணச் சொல்லுங்கள். அப்புறம் அவன் அப்பாவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து "எந்த ஓவர்ல மேட்ச் போச்சு?" என்று கேட்கட்டும், அவருக்கு கிரிக்கெட் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவன் விளக்குவான். மறுநாள் சாயங்காலம் பையன்களோடு டென்னிஸ் பால் ஆட அனுப்புங்கள்.

இன்னொன்று, பையன் பணம் கட்டித் தோற்றிருக்கிறானா என்று பாருங்கள். பந்தயத்தில் போன காசைச் சொல்லப் பயந்து, டீம் தோற்ற சோகம் என்று மறைக்கிற பிள்ளைகள் உண்டு. மிரட்டாமல் கேளுங்கள். தூக்கம் இல்லாமல் இரண்டு வாரம் இப்படியே போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தாலோ காத்திருக்காதீர்கள்; 14416-க்கு போன் செய்தால் தமிழிலேயே மனநல ஆலோசகர் பேசுவார், காசு கிடையாது.

கேள்வி: ஓசூரில் கம்பெனி வேலை. ரூமில் நான் மட்டும் சிஎஸ்கே, மற்ற நாலு பேரும் பெங்களூர் டீம் ஆர்சிபி. 2025 ஐபிஎல்-ல் நாம் பத்தாவது இடம், அவர்களுக்குக் கப். கிண்டல் தாங்க முடியவில்லை சார்.
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, அந்த நாலு பேர் 2009, 2011, 2016 என்று மூன்று ஃபைனல் தோற்றவர்கள். அதில் 2011 சேப்பாக்கத்தில், நம்மிடம். ஒவ்வொரு வருஷமும் 'ஈ சலா கப் நம்தே' (இந்த வாட்டி கப் நமக்குத்தான்) என்று கன்னடத்தில் சொல்லிச் சொல்லி, 18-வது சீசனில்தான் கப்பைப் பார்த்தார்கள். கொஞ்சம் கிண்டல் பண்ணிக்கொள்ளட்டும். சாப்பிடும் நேரத்தில், 2016-ல் 8 ரன்னில் தோற்ற அந்த ராத்திரி என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேரும் சொல்வார்கள்.