பட்டறைப் பக்கம்: பழைய பிக்-அப் வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: ஐயா, நிபோங் திபாலில் வாழையும் காய்கறியும் போட்டிருக்கிறேன். இதுவரை வாடகை லோரியில்தான் சரக்கு சந்தைக்குப் போகிறது. சொந்தமாக ஒரு பழைய பிக்-அப் எடுக்கலாம் என்று பார்க்கிறேன். 2014-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் 2.5 டீசல் ஒன்று பட்டர்வொர்த்தில் வந்திருக்கிறது. மீட்டரில் 128,000 கிமீ. விலை 48,000 வெள்ளி (ரிங்கிட்). பெயின்ட் பளபள என்று இருக்கிறது. "புஸ்பாகோம் வாகனச் சோதனையில் பாஸ் ஆன வண்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்கிறார் விற்பவர். எடுக்கலாமா?
— வாசகர், நிபோங் திபால்

பதில்: தம்பி, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். முதலில் அந்தப் புஸ்பாகோம் பேச்சைத் தீர்த்துவிடுவோம். பெயர் மாற்றத்துக்குச் செய்கிற பி5 சோதனை வண்டியின் அடையாளத்தைப் பார்க்கிற சோதனை. சேசி (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணும் என்ஜின் எண்ணும் பதிவில் உள்ளபடி இருக்கின்றனவா, எண்ணைச் சுரண்டி மறுபடி அடித்திருக்கிறார்களா, இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா, கண்ணாடிக் கறுப்பு அளவோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். திருட்டு வண்டி உங்கள் தலையில் விழாமல் காப்பாற்றுகிற நல்ல ஏற்பாடு அது. ஆனால் டர்போ இன்னும் எவ்வளவு நாள் தாங்கும், டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் எந்த நிலையில் இருக்கிறது என்றெல்லாம் அந்தத் தாள் சொல்லாது. அந்தத் தாளைக் காட்டி வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, மீட்டரை விடுங்கள். மீட்டரைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். திருப்பாத மீட்டர்கூட பிக்-அப் விஷயத்தில் பாதி உண்மையைத்தான் சொல்லும். நெடுஞ்சாலையில் வெறும் வண்டியாக 250,000 கிமீ ஓடிய பிக்-அப்பை நான் தைரியமாக வாங்குவேன். செம்பனைக் குலை ஏற்றி 90,000 கிமீ ஓடியதை யோசித்துத்தான் தொடுவேன். அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வண்டி எங்கே வேலை செய்தது, எதைச் சுமந்தது என்பதுதான். விற்பவர் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். வண்டி சொல்லிவிடும்.

பின் கதவை இறக்குங்கள். சாமான் ஏற்றுகிற தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் விரித்திருந்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். லைனருக்கு அடியில்தான் பாதிக் கதை கிடக்கும். நம் பினாங்குப் பக்கம் நான் ரொம்பப் பயப்படுவது மீன் வண்டிக்கு. ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் தொட்டியின் இணைப்பு வழியாகக் கசிந்து சேசிமேல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். மேலே பெயின்ட் அடித்துவிடலாம், பின் கதவின் உள் மடிப்பில் யாரும் அடிப்பதில்லை. அந்த மடிப்பில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தகடு பொரிந்து, கையில் காவி நிறத் தூள் ஒட்டும். சில வண்டிகளில் காய்ந்த செதில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பின் பிரேக் குழாய்களையும் சேசியின் குறுக்குச் சட்டங்களையும் பார்த்தே ஆக வேண்டும்.

தோட்டத்து வண்டிக்கு அடையாளம் செம்மண். வெளியே எவ்வளவு கழுவினாலும் டீசல் டாங்கிக்கு மேல்புறமும் சேசிச் சட்டத்தின் உள்பக்கமும் மண் படிந்தே கிடக்கும். கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். மண் இருந்தால் குற்றமில்லை. ஆனால் அதோடு பின்பாரம் தாங்குகிற பட்டை ஸ்பிரிங் வளைவு போய் நேராகத் தொங்கிப்போயிருந்தால், அல்லது மற்றவற்றோடு நிறம் ஒட்டாத ஒரு பட்டை கூடுதலாகச் செருகியிருந்தால், அந்த வண்டி தன் சக்திக்கு மேல் சுமந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கிகளைச் சுற்றி சேசியில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா பாருங்கள். சேசியில் வெல்டிங் அடித்த வண்டியை விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம், சேசியை மாற்ற முடியாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. நீங்கள் பார்க்கிற வண்டி அதற்கு முந்தையது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் மூழ்கிய வண்டிகளும் அங்கேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். கழுவியவர் கை அவ்வளவு தூரம் போயிருக்காது, மண் கோடு ஒன்று தெரியும். இருக்கையின் அடி போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா, கம்பளத்துக்குக் கீழே ஈர வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். மூழ்கிய டீசல் வண்டி ஆறு மாதம் நன்றாக ஓடும். அப்புறம்தான் ஒவ்வொரு வயராகக் கிளம்பும்.

இப்போது என்ஜின். "நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டிவைத்துவிட்டார் என்று தெரியும், இன்னொரு நாள் காலையில் வாருங்கள். குளிர்ந்த என்ஜின் சட்டென்று பிடிக்க வேண்டும். பிடித்த பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டர் சந்தேகம். நீலப் புகை என்றால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வாயிலேயே கவிழ்த்து வையுங்கள். மூடி லேசாக ஆடலாம். குதித்துத் துள்ளி, புகையும் குப்குப் என்று வந்தால் பிஸ்டன் பக்கம் தேய்மானம் அதிகம்.

நீங்கள் சொல்கிற 2.5 ஹைலக்ஸில் டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற பட்டை) இருக்கிறது. 150,000 கிமீ நெருங்கும்போது மாற்ற வேண்டியது அது. மீட்டர் பலகையில் டைமிங் பெல்ட் விளக்கு எரிந்து நினைவூட்டும், ஆனால் பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை அணைத்துவிட முடியும். ஆகவே மாற்றியதாகச் சொன்னால் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மிட்சுபிஷியின் 2.5 டிரைட்டன் பார்க்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். அதில் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து, என்ஜினின் தலையையே கழற்ற வேண்டிவரும். இசுசு டி-மேக்ஸ் பிக்-அப்பில் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தக் கவலை இல்லை.

ஓட்டிப் பார்க்கும்போது வெறும் வண்டியாக ஓட்டாதீர்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதுதான் முக்கியமான சோதனை. உங்கள் தோட்டத்து உர மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். பாரத்தோடு ஒரு மேட்டில் ஏற்றுங்கள். பினாங்குத் தீவுப் பக்கம் பார்ப்பவர்களுக்கு பாலிக் புலாவ் போகிற துன் சார்டோன் சாலை ஏற்றம் போதும். கிளட்ச் வழுக்குகிறதா, டர்போ சத்தம் மாறுகிறதா, வெப்பமானி ஏறுகிறதா எல்லாம் அந்த ஒரு மேட்டில் தெரிந்துவிடும். ஃபோர் வீல் வண்டி என்றால் அதைப் போட்டும் பாருங்கள், ஆனால் மண் அல்லது சரளைத் தரையில் மட்டும். தார்ச் சாலையில் போட்டுத் திருப்பினால் நல்ல கியரும் கெட்டுவிடும்.

உங்களுக்குப் பழக்கமான ஃபோர்மேன் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்கு நூறு, இருநூறு வெள்ளி கொடுக்கத் தயங்காதீர்கள். கையில் உள்ள 48,000 வெள்ளியையும் விலையாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். வாங்கின கையோடு எல்லா எண்ணெயும் வடிகட்டிகளும் மாற்ற வேண்டும், டயரும் பேட்டரியும் பெரும்பாலும் மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: ஐயா, என் நண்பர் ஒருவர் டபுள் கேப் டிரைட்டன் வைத்திருக்கிறார். அவரால் தவணை கட்ட முடியவில்லை. "5,000 வெள்ளி கொடு, மாதத் தவணையை நீ கட்டு, வண்டியை நீயே வைத்துக்கொள்" என்கிறார். இப்படிச் 'சம்போங் பாயார்' முறையில் எடுத்தால் பெயர் மாற்றச் செலவும் மிச்சம்தானே?
— வாசகர், பிறை

பதில்: வேண்டாம் தம்பி. என் பட்டறைக்கு வந்த குடும்பங்கள் இதில் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வாடகைக் கொள்முதல் கடன் தீரும்வரை வண்டி வங்கியுடையது. வங்கிக்குத் தெரியாமல் அதை உங்களிடம் ஒப்படைக்க உங்கள் நண்பருக்கு உரிமையில்லை. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் இருக்கிறது, அது விளையாட்டு இல்லை. நீங்கள் ஒழுங்காகப் பணம் கொடுத்தும் அவர் வேறு செலவுக்கு எடுத்துவிட்டால், வங்கி ஆள் வந்து இழுத்துப்போவது உங்கள் வாசலில் நிற்கிற வண்டியைத்தான். விபத்தானால் காப்புறுதி அவர் பெயரில். அவர் இறந்துவிட்டாலோ திவாலாகிவிட்டாலோ நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நட்பு எவ்வளவு நெருக்கமோ, பிறகு வருகிற மனக்கசப்பும் அவ்வளவு ஆழம்.

வண்டி நல்ல வண்டிதான் என்றால் நேர்வழி இருக்கிறது. இருவருமாக வங்கிக்குப் போங்கள். பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பெயரில் புதுக் கடன் கிடைக்குமா கேளுங்கள். கடனில் வாங்கினால் பி5-ஓடு பி7 சோதனையும் வேண்டும். நண்பர் பெயரில் போலீஸ், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சமன், அதாவது அபராதப் பாக்கி இருக்கிறதா பார்த்து, அதையெல்லாம் அவர் கட்டிய பிறகே ஜேபிஜேயில் பெயர் மாற்றுங்கள். கடன் கிடைக்கவில்லை என்றால் வண்டியும் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ஜார்ஜ் டவுனில் பூக்கடை வைத்திருக்கிறேன். கல்யாண மாலை, மணவறை அலங்காரச் சாமான்கள் ஏற்றிப்போக சின்ன வண்டி போதும். 2006 புரோட்டோன் அரீனா ஒன்று மலிவாக வருகிறது. பெரிய டீசல் வண்டிதான் கௌரவம் என்கிறார் என் கணவர். எது நல்லது?
— வாசகி, பினாங்கு

பதில்: தங்கச்சி, உங்கள் வேலைக்கு அரீனா பொருத்தம். லிட்டில் இந்தியா சந்துகளில் ஹைலக்ஸை நிறுத்த இடம் தேடியே உங்கள் பூ வாடிவிடும். அரீனா நம் புரோட்டோன் வீராவிலிருந்து செய்த வண்டி. 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின், இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் தாழ்வான தொட்டி. ஏற்றி இறக்க இடுப்பு வலிக்காது. ஆஸ்திரேலியாவுக்கு ஜம்பக் என்ற பெயரில் போனதும் இதே வண்டிதான். என்ஜின் சாமான்கள் வீராவோடு பொதுவானவை, மலிவாகக் கிடைக்கும். தொட்டி, பின் கதவு, பின் கண்ணாடி இவை அரீனாவுக்கென்றே செய்தவை. இந்த வண்டியின் தயாரிப்பு நின்று பல வருடமாகிவிட்டதால் அவற்றுக்குப் பழைய இரும்புக் கடைகளில் தேட வேண்டும். ஆகவே பின்பகுதி அடிபடாத வண்டியாகப் பாருங்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இதில் முன் சக்கரம்தான் இழுக்கும். பின்னால் பாரம் கூடினால் முன் சக்கரத்தின் பிடி குறையும், ஈரமான மேட்டில் சுழன்றுகொண்டே நிற்கும். பூவுக்கும் மணவறைக் கட்டைக்கும் கவலையில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் வந்து தேங்காய் மூட்டையும் தண்ணீர்ப் பெட்டியும் ஏற்ற இரவல் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். பாதிப் பாதியாக இரண்டு நடை போகச் சொல்லுங்கள். தொட்டியில் ஆள் ஏற்ற மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனது. அப்போது அரசாங்கத்தின் புடி மடானி திட்டத்தில் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவித்தார்கள். அதுவும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான், வருமான வரம்பும் வைத்தார்கள். விலையும் விதியும் மாறிக்கொண்டே இருக்கின்றன, டீசல் வண்டி எடுக்கிறவர்கள் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும். நகரத்துக்குள் குறுகிய தூரம் ஓடுகிற உங்களுக்கு டீசல் தேவையே இல்லை.

எடுக்கும்போது காப்புறுதி முகவரிடம் வியாபாரச் சாமான் ஏற்றுவதாக மறைக்காமல் சொல்லுங்கள். அரீனாவிலும் டைமிங் பெல்ட் உண்டு. வாங்கின வாரத்திலேயே பெல்ட்டையும் தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், இரண்டுக்கும் கழற்றுகிற கூலி ஒன்றுதான்.