சக்கரம் மேலேயா, கீழேயா? மிதவை விமானம் பற்றிய கேள்வி பதில்

மிதவைக்குள் சக்கரமும் வைத்து, தண்ணீரிலும் ஓடுபாதையிலும் இறங்கும் விமானங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பாதிக் கேள்வி சக்கரத்தைப் பற்றியே இருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, சக்கரம் கீழே இருக்கும்போது தண்ணீரில் இறங்கினால் என்ன? அதுதான் மிதவை இருக்கிறதே? (பாலிடெக்னிக் மாணவர், ஈசூன்)

கவிழும் தம்பி. மிதவையின் அடிப்பாகம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காகச் செய்தது. அதற்கும் கீழே சக்கரம் தொங்கினால், தொட்டவுடன் தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கும், மேலே இருக்கும் எடையெல்லாம் முன்னால் பாயும், மூக்கு குத்தி விமானம் மல்லாந்துவிடும், இவ்வளவும் ஓரிரு நொடியில். உயிர் போவது இதில்தான். சக்கரத்தை இறக்க மறந்து ஓடுபாதையில் இறங்கினால் மிதவையின் அடி தேயும், தகடு கிழியும், பெரிய பில் வரும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் நடந்தே வெளியே வருவார்கள். இரண்டும் மறதிதான், விளைவு மட்டும் ஒன்றல்ல.

சாதாரண விமானத்திலும் சக்கரத்தை மறப்பவர்கள் உண்டே. இதில் என்ன புதிது? (விமானம் ஓட்டக் கற்பவர், பிடோக்)

அங்கே சரியான விடை எப்போதும் ஒன்றுதான், சக்கரம் கீழே. சந்தேகம் வந்தால் இறக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இங்கே அப்படி எப்போதும் சரியான நிலை என்று ஒன்று கிடையாது. பல வருடம் மடங்கும் சக்கர விமானம் ஓட்டியவருக்கு, இறங்கும் நேரம் வந்தால் கை தானாகச் சக்கரத்தை இறக்கும் நெம்புகோலுக்குப் போகும், அந்த நல்ல பழக்கமே தண்ணீரில் ஆளைக் கொல்லும். விளக்கையும் பாருங்கள். பரவலாகப் பயன்படும் விப்லைன் மிதவைகளில் சக்கரம் கீழே இருந்தால் நான்கு பச்சை, மேலே இருந்தால் நான்கு நீலம். பச்சையைப் பார்த்ததும் மனது 'எல்லாம் சரி' என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் விளக்குக்குத் தெரிந்தது சக்கரம் எங்கே இருக்கிறது என்பது மட்டும், முன்னால் இருப்பது கடலா ஓடுபாதையா என்று அதற்குத் தெரியாது. அதனால் முதலில் வெளியே பார்க்க வேண்டும், பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "தண்ணீரில் இறங்குகிறேன், சக்கரம் மேலே." அப்புறம்தான் விளக்கு, அதன் பிறகு இறக்கையில் மாட்டிய கண்ணாடியில் சக்கரத்தையே கண்ணால் பார்ப்பது. நெருங்க ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, தொடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை. பக்கத்தில் ஆள் இருக்கிறாரே என்று வெட்கப்படாமல் சத்தமாகச் சொல்லுங்கள்.

எச்சரிக்கைக் குரல் இருக்குமாமே? (சுவா சூ காங்)

பல விமானங்களில் இருக்கிறது. வேகம் குறைந்ததும் 'சக்கரம் மேலே, தண்ணீருக்கு' என்பதுபோல ஒரு குரல் சொல்லும், விமானி பொத்தானை அழுத்தும்வரை விடாது. நல்ல கருவி, கட்டாயம் வேண்டும் என்பேன். ஆனால் விமானி சரியாகச் செய்திருந்தாலும் அது பேசும், தவறாகச் செய்திருந்தாலும் பேசும். நாள் முழுக்க ஏறி இறங்குபவருக்கு அது காதில் விழாமலே கை போய்ப் பொத்தானை அழுத்திவிடும். குரல் வந்தால் அழுத்துவதற்கு முன் அது சொன்னதைத் திரும்பச் சொல்லிவிட்டு, வெளியே பார்த்துவிட்டு அழுத்த வேண்டும்.

எந்த மாதிரி நேரத்தில் இது நடக்கிறது? (உட்லண்ட்ஸ்)

ஓடுபாதையிலிருந்து கிளம்பி, பக்கத்திலேயே இருக்கும் தண்ணீருக்குப் போகும் குட்டிப் பயணத்தில். ஏறும்போது கோபுரத்திலிருந்து ஏதோ கேட்பார்கள், பின்னால் இருப்பவர் ஏதோ கேட்பார், சக்கரத்தை மடக்கும் வேலை அங்கேயே நின்றுவிடும். தண்ணீரிலிருந்து சாய்தளத்தில் ஏறுவதற்காகச் சக்கரத்தை இறக்கிவிட்டு, மனம் மாறித் திரும்பவும் ஓடிக் கிளம்பப் பார்ப்பதும் உண்டு. வேலை பாதியில் தடைபட்டால் சரிபார்ப்புப் பட்டியலை முதலிலிருந்து படியுங்கள், விட்ட இடத்திலிருந்து அல்ல.

மடக்கியும் ஒரு சக்கரம் மட்டும் மேலே வரவில்லை என்றால்? (விமானப் பராமரிப்பு, சிலேத்தார்)

தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது. நான்கையும் இறக்க முடிந்தால் ஓடுபாதை. இறக்கவும் முடியாமல் பாதியில் நின்றால், சக்கரத்தைக் கையால் இயக்கும் பம்பை அடித்துப் பாருங்கள், எல்லாவற்றையும் மேலே ஏற்ற முடிந்தால் ஏற்றிவிட்டுப் புல்தரையில் மிதவையோடே இறங்கலாம். சக்கரமே இல்லாத மிதவை விமானங்களை ஈரப்புல்லில் வேண்டுமென்றே இறக்குபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பங்கும் இதில் பெரிது: உப்புத் தண்ணீரில் இறங்கிய விமானத்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் வைக்காவிட்டால் இந்தக் கேள்வியே தினமும் வரும்.

ஜூன் லீவுக்கு மாலத்தீவு போகிறோம், பிள்ளைகளும் வருகிறார்கள். பயப்பட வேண்டுமா? (புங்கோல்)

இந்தத் தவறைப் பற்றிக் கவலை வேண்டாம் அக்கா. அங்கே ஓடும் டுவின் ஆட்டர் என்ற சிறிய விமானங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சக்கரமே கிடையாது, மிதவை மட்டும்தான்.

அந்தக் காலத்தில் காலாங்கில் இறங்கியவை? (தேக்கா)

1937இல் திறந்த காலாங் நிலையத்தில் விமானத்துக்கும் இடம் உண்டு, பறக்கும் படகுக்கும் இடம் உண்டு. சிலேத்தாரில் பிரிட்டிஷ் விமானப்படையின் சண்டர்லாண்டு பறக்கும் படகுகள் 1959வரை இருந்தன. அவற்றுக்கு வயிறே படகு. கரையேற்ற வேண்டுமானால் ஆட்கள் தண்ணீரில் இறங்கித் தனிச் சக்கரங்களைக் கொண்டுவந்து மாட்டுவார்கள், ஆகவே வானத்தில் மறப்பதற்கு ஒன்றும் இல்லை.

கடலோர எண்ணெய் மேடை வேலைக்காக ஹெலிகாப்டர் மூழ்கினால் தப்பிக்கும் பயிற்சி எடுத்தேன். இதற்கு உதவுமா? (துவாஸ்)

ரொம்பவே உதவும் தம்பி, கவிழ்ந்த பிறகு நடப்பது அதேதான். உட்கார்ந்தவுடன் உங்கள் கதவின் கைப்பிடி எங்கே என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முன்பே ஒரு கை அங்கே இருக்கட்டும். ஆட்டம் நிற்கும்வரை பொறுத்து, முதலில் கதவைத் திறந்து, அதற்குப் பிறகே பெல்ட்டைக் கழற்றுங்கள், முதலில் பெல்ட்டைக் கழற்றினால் தலைகீழாக மிதந்து திசை தெரியாமல் போய்விடும். உயிர்காப்பு உடையை உள்ளே இருக்கும்போது ஊதவே வேண்டாம், வெளியே வந்ததும் ஊதுங்கள்.